ஒரே ஏரி, ஒரே கட்லா, வேறுவேறு உருவம்: வடசென்னை ஏரிக் கெண்டைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புழல், ரெட்டேரி, கொரட்டூர்ப் பக்கம் மீன் வாங்குகிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும் கொளத்தூரில் கலர் மீன் வாங்கி வளர்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும்: "இது ஏன் போன வாரம் வாங்கின மீன் மாதிரி இல்லை?"

இந்த ஏரிகளில் என்னென்ன கெண்டைகள் இருக்கின்றன?

கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் முதல் வரிசை. இவை வடக்கே கங்கை போன்ற பெரிய ஆறுகளின் மீன்கள்; நம் ஏரிகளுக்கு மனிதர்கள் கொண்டுவந்து விட்டவை. அடுத்து சாதாக் கெண்டை, புல்கெண்டை, வெள்ளிக் கெண்டை. இவை வெளிநாட்டுச் சரக்கு. புல்கெண்டை ஹாங்காங்கிலிருந்தும் வெள்ளிக் கெண்டை ஜப்பானிலிருந்தும் 1959-ல் இந்தியாவுக்கு வந்தன. கரையோரம் புல்லுக்குள் திரியும் விரல் நீளக் குட்டிக் கெண்டைகள்தான் உண்மையில் நம் ஊர்க்காரர்கள். அவற்றை யாரும் எடைபோட்டு விற்பதில்லை என்பதால் கணக்கிலும் வருவதில்லை.

ஜிலேபிக் கெண்டை (திலாப்பியா) என்று வாய் சொன்னாலும் ஜிலேபி கெண்டைக் குடும்பம் இல்லை. ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது. அதன் பெயர் இந்தப் பக்கத்தில் இன்னொரு இடத்திலும் வரும்; கெண்டைகளின் சாப்பாட்டில் அது கை வைக்கிறது.

ஒரே நாளில், ஒரே ஏரியில் பிடித்த இரண்டு கட்லா. ஒன்று தடியாக, ஒன்று தலை மட்டும் பெரிதாக ஒல்லியாக. எப்படி?

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டும் எங்கே பிறந்தன என்பது. கட்லாவும் ரோகுவும் மிருகாலும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுவதில்லை. மழைக்காலத்தில் ஆறு புரண்டு ஓடும்போது, கரை மூழ்கிய இடங்களில்தான் அவை இனப்பெருக்கம் செய்யும். புழல் ஏரியில் எவ்வளவு பெரிய சினைக் கட்லா இருந்தாலும் அந்தச் சினை பெரும்பாலும் வீணாகத்தான் போகும். அதனால் ஏரியில் இருக்கும் கட்லா பொரிப்பகத்தில் பிறந்து, குஞ்சாக விடப்பட்டது; அல்லது மேலே உள்ள ஏரியிலிருந்து வாய்க்கால் வழியாக வந்தது. ஒரு தடவை ஒரு பொரிப்பகத்துக் குஞ்சு, அடுத்த தடவை இன்னொரு பொரிப்பகத்துக் குஞ்சு என்று விட்டால், ஏரியில் இரண்டு வம்சங்கள் கலந்து கிடக்கும். தாய்மீன்களை மாற்றாமல் பல தலைமுறை அதே கூட்டத்துக்குள் இனப்பெருக்கம் செய்யும் பொரிப்பகத்தின் குஞ்சுகள் வளர்ச்சியில் பின்தங்கும். முதுகெலும்பு வளைந்த மீன்களும் அதில் கூடுதலாக வரலாம்.

இரண்டாவது, சாப்பாடு. கட்லா மேல்மட்டத்து மீன். வாய் மேல்நோக்கித் திறக்கும், மீசை கிடையாது. அதன் செவுளைத் தூக்கிப் பார்த்தால் உட்பக்கம் சீப்புப் பல் மாதிரி மெல்லிய முட்கள் நெருக்கமாக இருக்கும். தண்ணீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை அவற்றால்தான் வடிகட்டித் தின்கிறது. அந்த நுண்ணுயிர் குறைந்த வருடம், அல்லது குஞ்சுகளை அளவுக்கு மீறி விட்ட வருடம், உடம்பு சதை பிடிக்காது. தலை மட்டும் தன் பாட்டுக்கு வளரும். "தலைப்பெருத்த கட்லா" என்று கடையில் ஒதுக்குகிற மீன் பல நேரம் பட்டினி கிடந்த மீன், அவ்வளவுதான்.

மூன்றாவது, பருவம். மழைக்காலத்துக்கு முன் பெண் மீன் வயிறு உப்பியிருக்கும். அதே சமயம் ஆண் மீனின் மார்புத் துடுப்பை விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும், பெண்ணுக்கு வழவழப்பு. இதை இரண்டு வேறு "ரகம்" என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு.

இந்த மூன்றையும் கழித்த பிறகும் வித்தியாசம் மிச்சமிருந்தால்தான் மற்ற காரணங்களைத் தேட வேண்டும். நான் பார்த்த வரையில் மிச்சம் அதிகம் இருப்பதில்லை.

என் கட்லாவுக்குத் தலை சின்னதாக, கொஞ்சம் ரோகு சாயலில் இருக்கிறது. கலப்பா?

இருக்கலாம். இது அபூர்வமில்லை. பொரிப்பகத்தில் கட்லாவையும் ரோகுவையும் முட்டையிட வைக்கும் ஊசி போட்டு ஒரே தொட்டியில் விட்டால், ஒன்றின் முட்டையில் இன்னொன்றின் விந்து சேர்ந்துவிடும். கட்லா, ரோகு, மிருகால் மூன்றுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 50. அதனால் கலப்புக் குஞ்சு பிழைக்கும், வளரும், அதுவே பின்னால் குஞ்சும் பொரிக்கும். சிக்கல் அங்கேதான். அந்தக் கலப்பு மீனே அடுத்த வருடம் "கட்லா தாய்மீன்" என்று தொட்டிக்குள் போனால், சுத்தமான வம்சம் எது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். சாதாக் கெண்டைக்கு 100 குரோமோசோம். அதோடு இவை கலந்தால் பிறப்பது வழக்கமாக மலடாக இருக்கும். கதை அதோடு முடிந்துவிடும்.

கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க உதட்டைப் பாருங்கள். ரெட்டேரி பக்கம் ஒரு கடையில், வெட்டுவதற்கு முன் கட்டையில் வைத்த மீனைக் காட்டி, "அக்கா, கொஞ்சம் நிறுத்துங்க, வாயைப் பார்த்துக்கிறேன்" என்றேன். "மாடு வாங்குறாப்புல பல்லப் பாக்குறியாப்பா?" என்று சிரித்தார். பெயர் கட்லா, விலையும் கட்லா விலை. வாய் மட்டும் முழுக்க மேல்நோக்கி இல்லாமல் நேராக முன்னோக்கித் திறந்தது. கீழுதடு கட்லாவுக்குரிய தடித்த வழவழப்பில் இல்லாமல் ஓரத்தில் லேசாகச் சுருங்கி ரோகுவின் தொங்கல் உதட்டை நினைவூட்டியது. தலைக்குப் பின்னால் முதுகு சட்டென்று எழும்பாமல் சாய்வாக ஏறியது. செதில்களின் நடுவில் மங்கலான சிவப்பு. இப்படி மூன்று நான்கு அடையாளம் சேர்ந்து வந்தால் கலப்பு என்று சந்தேகப்படலாம். உறுதி செய்ய மரபணுச் சோதனைதான் வழி. செதில் எண்ணிக்கை உதவாது, ஏனென்றால் பக்கக்கோட்டில் (செவுளிலிருந்து வால்வரை உடம்பின் பக்கத்தில் ஓடும் கோடு) இரண்டுக்கும் நாற்பதுக்கு மேல் ஒன்றிரண்டு என்று ஏறக்குறைய ஒரே கணக்குதான்.

அக்கா சொன்ன பல் விஷயத்துக்கும் பதில் உண்டு. கெண்டைக் குடும்பத்தில் எந்த மீனுக்கும் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கிறது. தலைக்கறி சாப்பிடும்போது கையில் அகப்படும் அந்த கெட்டியான அரைக்கும் எலும்பு அதுதான்.

சாப்பிடுவதற்குக் கலப்பு மீனில் எந்தக் கெடுதலும் இல்லை. ருசியிலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

சாதாக் கெண்டையில் சிலவற்றுக்கு உடம்பு முழுக்கச் செதில், சிலவற்றுக்கு அங்கொன்று இங்கொன்று. நோயா?

நோய் இல்லை, பிறவி. இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். கெண்டைகளிலேயே இவ்வளவு தெளிவாக மரபு கண்ணுக்குத் தெரிகிற இடம் வேறு இல்லை.

முக்கியமாக இரண்டு மரபணுக்கள் சேர்ந்து செதிலைத் தீர்மானிக்கின்றன. முதல் மரபணு முழுச் செதிலா, இல்லை முதுகோரமும் பக்கத்திலும் மட்டும் ஒழுங்கில்லாமல் பெரிய பெரிய செதிலா என்று முடிவு செய்யும். இரண்டாவது வகைக்குக் கண்ணாடிக் கெண்டை என்று பெயர். முழுச் செதில் ஓங்கிய குணம் (தாய் தகப்பனில் ஒருவர் வழி வந்தாலே வெளியே தெரிவது) என்பதால், பார்க்க முழுச் செதிலோடு இருக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் கண்ணாடிக் குஞ்சு பிறக்க வாய்ப்புண்டு. இரண்டாவது மரபணுவின் மாறிய வடிவம் ஒன்று சேர்ந்தால் செதில் இன்னும் குறையும்: ஒரு வகையில் பக்கக்கோட்டில் மட்டும் ஒரே வரிசையாக நிற்கும், இன்னொரு வகையில் ஏறக்குறைய செதிலே இல்லாமல் வெறும் தோல். ஆனால் அந்த மாறிய வடிவம் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என்று இரண்டு சேர்ந்துவிட்டால் கரு முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். அதனால் தோல் கெண்டையையும் தோல் கெண்டையையும் சேர்த்தால் கால்வாசிக் குஞ்சு எப்போதும் நஷ்டம்.

நம் நாட்டுக்கு இவை வந்த வழியும் இரண்டு. ஜெர்மானிய வழி வந்த கெண்டை 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. ஊட்டிக் குளிருக்கு அது ஒத்துக்கொண்டது. சமவெளிச் சூட்டுக்குச் சரிப்பட்ட பாங்காக் வழிக் கெண்டை 1957-ல் கட்டாக்குக்கு வந்தது. நம் பக்கத்து வெயிலுக்கு இந்த இரண்டாவதுதான் பொருந்தும். இப்போது பொரிப்பகங்களில் வம்சங்கள் கலந்து கிடப்பதால், முழுச் செதில் கூட்டத்தின் நடுவே திடீரென்று ஒரு கண்ணாடிக் கெண்டை தலைகாட்டினால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

கட்லா ஏரியில் முட்டையிடாது என்றால், குஞ்சு எப்படிக் கிடைக்கிறது?

மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, ஆற்று வெள்ளம் இல்லாமலேயே முட்டையிட வைக்கிறார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் அவருடன் இருந்தவர்களும் இந்தியப் பெருங்கெண்டைகளில் இதைச் செய்து காட்டினார்கள். அந்தத் தேதியைத்தான் தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இப்போது சுரப்பிச் சாற்றுக்குப் பதில் தயார் ஹார்மோன் மருந்துகள் வந்துவிட்டன. ரோகுவில் தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சமும் உண்டு: புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் நார்வே ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கிய "ஜெயந்தி ரோகு". சாதா ரோகுவோடு அது ஒரே ஏரியில் இருந்தால், ஒரே வயதில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரியும்.

சாதாக் கெண்டைக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். தேங்கிய தண்ணீரில், கரையோரச் செடியில் முட்டையை ஒட்டவைத்துவிட்டுப் போய்விடும். நம் சூட்டில் ஒரு வயது ஆவதற்குள்ளேயே சினைக்கு வந்துவிடுவதும் உண்டு. வளர வேண்டிய சத்து சினைக்குப் போய்விடுவதால், கூட்டம் பெருகி ஆள் சிறுத்துப்போகிறது.

ஏரியே மீனின் உருவத்தை மாற்றுமா?

மாற்றும். ஸ்வீடனில் செய்து 1992-ல் வெளியான சோதனை ஒன்று இதற்குப் பேர்போனது. அங்குள்ள குளங்களில் ஒரு வகைக் கெண்டை உண்டு. கொன்று தின்னும் மீன் இல்லாத குளத்தில் அது ஒல்லியாக இருக்கும். கெண்டை தின்னும் பைக் மீனை விட்டால், அதே குளத்துக் கெண்டைகள் சில மாதங்களில் முதுகு உயர்ந்து அகலமாகிவிட்டன. அகன்ற உடம்பை பைக் மீனால் வாய்க்குள் திணிக்க முடியாது. எதிரி தண்ணீரில் விடும் வாசனையை வைத்தே உடம்பு மாறுகிறது. மரபு மாறவில்லை, இருந்த மரபே வேறு விதமாக வேலை செய்தது.

புழல் கட்லா விராலைக் கண்டு முதுகைத் தூக்கும் என்று இதிலிருந்து நான் சொல்ல வரவில்லை. அது வேறு மீன், வேறு எதிரி. ஆனால் "உருவம் வேறு, எனவே இனம் வேறு" என்று அவசரப்படுகிறவர்களுக்கு இந்தச் சோதனையைத்தான் சொல்வேன். இரண்டு ஏரிகளின் மீன்களும் நிஜமாகவே மரபில் வேறுபட்டவையா என்று தெரிய வேண்டுமானால், இரண்டின் குஞ்சுகளையும் ஒரே குளத்தில், ஒரே தீனியில் வளர்க்க வேண்டும். வித்தியாசம் அப்போதும் நின்றால் மரபு. மறைந்துபோனால் ஏரியின் வேலை.

ஏரிக்குள்ளேயே பிரிந்து தனித்தனி இனமாகிப்போன கெண்டைகள் உலகத்தில் உண்டா? புழலில் அப்படி நடக்குமா?

உண்டு. எத்தியோப்பியாவின் தானா ஏரியில் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய மீன்கள் பதினைந்து இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. அவற்றில் எட்டு மற்ற மீன்களைத் தின்பவை. தாடையில் பல்லில்லாத குடும்பத்தில் இத்தனை வேட்டைக்காரர்கள்! ஜப்பானின் பிவா ஏரியில் நடுத் தண்ணீரில் நுண்ணுயிர் வடிகட்டித் தின்னும் ஒரு கெண்டைக்குச் செவுள் முட்கள் நூறை ஒட்டி இருக்கும். அதே ஏரியில் அதன் நெருங்கிய சொந்தங்களுக்கு அதைவிட மிகக் குறைவு. பிவா சுமார் 40 லட்சம் வருடப் பழைய ஏரி.

புழல் ஏரி கட்டியது 1876-ல். கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, முழு ஆழம் 21.20 அடி. சோழவரம் ஏரித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வருகிறது, 1996 முதல் பூண்டி வழியாகக் கிருஷ்ணா தண்ணீரும் வருகிறது, நிரம்பி வழிந்தால் உபரி மணலிப் பக்கமாக ஓடி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. 2019 கோடையில் ஏரியின் தரையே தெரிந்தது. இப்படித் திறந்து கிடந்து, அவ்வப்போது வற்றி, மறுபடி வெளிக் குஞ்சு விட்டு நிரப்புகிற இடத்தில் தனி வம்சம் உருவாக நேரமே இல்லை. யாராவது "இது புழல் ரகம், இதுக்குத் தனி ருசி" என்று விலை ஏற்றினால் ருசிக்கு வேண்டுமானால் கொடுங்கள், ரகத்துக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. சென்னைச் சந்தையில் "ஏரி மீன்" என்று விற்கும் கட்லாவிலும் ரோகுவிலும் பெரும்பங்கு ஆந்திராவின் வளர்ப்புக் குளங்களிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவது. தவிடும் பிண்ணாக்கும் தின்று வளர்ந்த மீன் அது. அதையும் புழல் மீனையும் பக்கத்தில் வைத்து உருவ வித்தியாசம் பேசுவதில் அர்த்தமில்லை.

புழல், ரெட்டேரி, கொரட்டூர் மூன்றிலும் மீன் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

தண்ணீர் வேறு. புழல் குடிநீர் ஏரி, பரப்பும் ஆழமும் அதிகம். மேல்மட்டத்தில் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிருகால் என்று ஆளுக்கு ஒரு இடம் கிடைக்கும். ரெட்டேரியும் கொரட்டூர் ஏரியும் வீடுகளும் சாலையும் நெருக்கும் ஏரிகள். கழிவுநீர் சேரும் தண்ணீரில் பாசி அமோகமாக வளரும். பகலில் பாசி ஆக்சிஜன் விடும். இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். அதனால் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியற்காலையில். அந்த நேரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்கள், அதிலும் கட்லா, முதலில் விழும். சாதாக் கெண்டை அதைவிடத் தாங்கும். ஜிலேபியும் கெளுத்தியும் கடைசிவரை நிற்கும். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தால், யாரும் தேர்ந்தெடுக்காமலேயே ஏரியின் மீன் கூட்டம் மாறிவிடும்.

சாதாக் கெண்டை அதிகமான ஏரி இன்னொரு விதமாகவும் மாறும். நான்கு மீசையாலும் சேற்றைத் துழாவி, வாயால் உறிஞ்சித் துப்பிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் கலங்கும், அடியில் வேர்விட்ட செடி பிடுங்கிப்போகும்.

கொளத்தூரில் வாங்கிய கோய் மீன் தொட்டிக்குப் பெரிதாகிவிட்டது. ஏரியில் விடலாமா?

வேண்டாம். கோய் என்பது வண்ணத்துக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த சாதாக் கெண்டைதான். ஏரியிலிருக்கும் சாதாக் கெண்டையோடு கலக்கும். நோயையும் கொண்டுபோகும்: கோய் ஹெர்ப்பிஸ் வைரஸ் 2004-ல் பிவா ஏரியில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கெண்டைகளைக் கொன்றது. தொட்டியில் பாசி தின்பதற்கென்று விடும் டேங்க் கிளீனர் மீன் கதையும் தெரிந்ததுதான். தொட்டியிலிருந்து போன அது இன்று நீர்நிலைகளில் வலையைக் கிழிக்கிறது. வாங்கின கடையிலேயே திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள், பெரிய மீனைச் சிலர் வாங்கிக்கொள்வார்கள்.

மீனின் வயதைச் செதிலில் படிக்கலாமா?

ஓரளவு. முதுகுத் துடுப்புக்கும் பக்கக்கோட்டுக்கும் நடுவில் ஒரு செதிலை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வளையங்கள் தெரியும், சில இடங்களில் நெருங்கி, சில இடங்களில் விலகி. நெருங்கிய இடம் வளர்ச்சி நின்ற காலம். குளிர்நாட்டில் அது பனிக்காலம், கணக்கு எளிது. நம் ஊரில் கோடையில் தண்ணீர் வற்றியதாலும் இருக்கலாம், சினைக் காலமாகவும் இருக்கலாம். நடுப்பகுதியில் வளையமே இல்லாமல் வெறுமையாக இருந்தால், பழைய செதில் விழுந்து புதிதாக முளைத்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறு எடுங்கள்.

மீன் நல்ல சதைப்பிடிப்பா என்று எப்படிக் கணக்கிடுவது? வீட்டிலேயே முடியுமா?

முடியும். எடையைக் கிராமில் எழுதி 100-ஆல் பெருக்குங்கள். நீளத்தைச் செ.மீ.-ல் அளந்து, அதை அதே எண்ணால் இரண்டு முறை பெருக்கி (40 × 40 × 40 என்பது போல) வருவதால் வகுங்கள். 40 செ.மீ. மீன் 1 கிலோ இருந்தால் 1.56 வரும். அதே நீளம் 700 கிராம்தான் என்றால் 1.09. இந்த எண்ணைக் கட்லாவோடு கட்லா, ரோகுவோடு ரோகு என்று மட்டும் ஒப்பிடுங்கள். நீளத்தை வால் நுனிவரையா, வால் கவட்டை வரையா என்று முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை அப்படியே அளக்க வேண்டும். பாதியில் மாற்றினால் எல்லாம் பாழ். சினை மீனைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வயிற்றுச் சினையைச் சதை என்று நினைத்துவிடுவோம். அளந்த தேதியும் ஏரியின் நீர்மட்டமும் பக்கத்திலேயே இருக்கட்டும். நீர்மட்டம் நாளிதழில் தினமும் வருகிறது.

ஏரி மீனில் சில சமயம் மண்வாடை அடிக்கிறதே?

ஜியோஸ்மின் என்ற பொருள்தான் காரணம். நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாவும் உண்டாக்குவது. செவுள் வழியாக மீனுக்குள் போய்க் கொழுப்பில் தங்கும். ஒரே ஏரியிலும் பாசி பூத்த மாதத்தில் வாடை இருக்கும், புதுத் தண்ணீர் வந்த மாதத்தில் இருக்காது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. உயிர் மீனைச் சில நாள் சுத்தமான தண்ணீரில் விட்டு வைத்தால் குறையும். புளிப்பு அதை உடைக்கும் என்பதால், வாடை தெரிந்தால் வறுவலை விட்டுப் புளிக்குழம்புக்கு மாறிவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தாலும் சரி.

புழலில் தூண்டில் போடலாமா?

அனுமதியில்லாமல் போடக்கூடாது. குடிநீர் ஏரி அது, மீன்பிடி உரிமையும் தனி. மழைக்காலத்தில் உபரி நீர் வழியும் கலங்கல் பக்கம் இறங்குவது உயிருக்கே ஆபத்து.